கொஞ்சம் கூட

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. கண்டக்குழியில் ஒரு கலியாண வீட்டில், ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பெண்கள் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தபோது, எனக்கு எதிரே இருந்தவள் நல்ல இறைச்சித் துண்டொன்றை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "எங்கட மச்சி பஸீனாவ ஒரு சொல்லு கொல்லப் பாத்திச்சு."

எழுதுகிறவர்களுக்கு இப்படியொரு வசனம் காதில் விழுந்தால் வெட்கம் போய்விடும். எனக்கும் போனது. சாப்பாடு முடிவதற்குள் அவளிடமிருந்து பாதிக் கதையைக் கறந்தேன். மீதிப் பாதிக்காக, அதில் வருகிற நேர்ஸையே தேடிப் போனேன்.

[முதல் தொடக்கம்: "கற்பிட்டிக் கடலின் மேல் மாலை வெயில் பொன்னாக" — வேண்டாம். கடலுக்கு இந்தக் கதையில் எந்த வேலையும் இல்லை.]

[இரண்டாம் தொடக்கம்: "எண் என்பது மனித குலத்தின்" — இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.]

மூன்றாவது இது: நிலந்தி பெர்னாண்டோ தமிழில் நூறுவரை பிழையில்லாமல் எண்ணியபோது, அவளுடைய ஆசிரியர் வகுப்பையே கைதட்டச் சொன்னார். அன்றைக்குத்தான் அவள் கெட்டுப்போனாள்.

2

நிலந்தி சிலாபத்துப் பக்கம். முன்னேஸ்வரத்தைத் தாண்டி, கடலோரத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். வீட்டில் சிங்களம். நேர்ஸ் வேலை, கற்பிட்டித் தீபகற்பத்தில் ஒரு சிறிய அரசாங்க ஆஸ்பத்திரியில். பெயரைச் சொல்லமாட்டேன். நாட்டில் யுத்தம் முடிந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அரச ஊழியர் எல்லோரும் மற்ற மொழியையும் படித்துச் சோதனை எழுத வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. மேலிடத்துக்கு அப்போது நல்லிணக்கம் என்ற சொல்மேல் ஒரு காதல். சனிக்கிழமைகளில் புத்தளத்தில் ஒரு மண்டபத்தில் வகுப்பு.

ஆசிரியர் ரஸாக் சேர். [இவரைக் கொஞ்சம் நல்லவராக எழுதிப் பார்த்தேன். வரவில்லை.] அவர் படிப்பித்தது எண்ணும் அளவும். கைநூலும் அவரே எழுதியது. ஒன்று, இரண்டு, மூன்று. "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று யாராவது சொன்னால், வாய்க்குள் கல் கடிபட்ட மாதிரி முகத்தைச் சுளிப்பார். ஆட்களை எண்ணினால் இருவர், மூவர், நால்வர், ஐவர். அளவென்றால் சிறிதளவு, பெருமளவு. நிறைய என்று பொருள்படும் 'கனக்க' என்ற சொல் அந்த மண்டபத்துக்குள் நுழையவே இல்லை. வெளியே, வாசலில், அதை விட்டால் வேறு சொல் இல்லை.

நிலந்தி நல்ல மாணவி. திங்கட்கிழமை காலையில் மர வாங்கு நிறைய இருந்த சனத்தைப் பார்த்து, "நோயாளர் இருவர் உள்ளே வரவும்" என்றாள். ஒருவரும் அசையவில்லை. பின்னால் நின்ற பெண் ஊழியர், "ரெண்டு பேர் வாங்கோ" என்றார். வாங்கே எழுந்து வந்துவிட்டது.

அதே வகுப்பில் ஒரு பொலிஸ் சார்ஜன். சண்டை நடந்த இடத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்று கேட்டிருக்கிறார். "ஏழெட்டுப் பேர்" என்றிருக்கிறார்கள். மனிதர் எழுபத்தெட்டு என்று எழுதி, புத்தளத்திலிருந்து ஒரு லொறி பொலிஸை வரவழைத்துவிட்டார். அவர் சந்தேகம் கேட்டபோது ரஸாக் சேர், "அது கொச்சை வழக்கு. விட்டுவிடுங்கள்" என்றார்.

(ஓர் அடிக்குறிப்பு, அடியில் போட இடமில்லாததால் இங்கே: தமிழில் ஏழெட்டு என்பது எண்ணே இல்லை. எண்ணிக் களைக்க விரும்பவில்லை என்ற அறிவிப்பு. 'நாலு பேர் என்ன சொல்லுவாங்க' என்றால் நாலு பேர் அல்ல, ஊர் முழுக்க. 'ஒரு பத்துப் பேர்' என்றால் ஒன்றுமல்ல, பத்துமல்ல. இதையெல்லாம் கைநூலில் தேடாதீர்கள். அதில் மகாகோடிக்கு மேல் எண்ணுவது எப்படி என்று இருக்கிறது. கற்பிட்டியில் யாருக்கு அது தேவைப்படும் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.)

ஒரு சனிக்கிழமை 'கொஞ்சம்கூட' வந்தது. "கொஞ்சம்கூட என்று வந்தால் பின்னால் எதிர்மறை வந்தே தீரும்" என்றார் சேர். "பயம் கொஞ்சம்கூட…" என்று அவர் நிறுத்த, எல்லோரும் ஒரே குரலில் "இல்லை." "உப்பு கொஞ்சம்கூட…" "இல்லை." மதியம்வரை அப்படியே போனது. கோடிட்ட இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' போடும் அளவுக்கு நிலந்தி தேறிவிட்டாள்.

3

பஸீனா பள்ளிவாசல்துறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து புலிகளால் துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பமொன்றில், புத்தளத்து முகாமில் பிறந்தவள். அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு முதல் பிள்ளை, பெண் பிள்ளை, பிறந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது நிலந்திதான் வார்ட்டின் நம்பரைக் கொடுத்து, "ஏதேனும் எனில் அழைக்கவும்" என்றாள். பஸீனாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பிடித்திருந்தது.

ஒரு கிழமை போயிருக்கும். பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம் பஸீனா அழைத்தாள். அறைக்கு வெளியே மாமனார் இருந்தார். அதனால் குரல் தாழ்ந்திருந்தது.

"மிஸி, எனக்குப் போறது நிக்குதில்ல."

நிலந்திக்கு 'போறது' விளங்கவில்லை. 'இல்ல' விளங்கியது. பிள்ளை பெற்றவர்களிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்: "இரத்தப்போக்கு எவ்வளவு? சிறிதளவா, பெருமளவா?"

பஸீனாவுக்கு அது விளங்கவில்லை. எவ்வளவு என்பது விளங்கியது. ஆம்பிளைகள் இருக்கிற வீட்டில் இரத்தத்தைப் பற்றி எவ்வளவு சத்தமாகச் சொல்லலாமோ அவ்வளவில் சொன்னாள்:

"கொஞ்சம் கூட, மிஸி."

எங்கள் பேச்சில் 'கூட' என்றால் அதிகம். ஒரு பெண் வெட்கப்பட்டு அதற்கு முன்னால் 'கொஞ்சம்' போட்டால், மிக அதிகம். எழுத்தில் அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. போனில் இடைவெளி கேட்காது.

நிலந்தி கோடிட்ட இடத்தை நிரப்பினாள். "கொஞ்சம் கூட இல்லையா?"

'கொஞ்சம் அதிகம், இல்லையா' என்று கேட்கிறாள் என்று பஸீனா நினைத்தாள். "ஓம், மிஸி."

"நன்று. ஓய்வு எடுக்கவும். அடுத்த வாரம் கிளினிக் வரவும்."

4

அடுத்த நாள் காலையில் பஸீனாவின் புருஷன் றிஸ்மின் அவளைத் திரீவீலில் போட்டுக்கொண்டு வந்தான். வண்டியின் இருக்கை நனைந்திருந்தது. அவளுடைய உதடு வெளுத்திருந்தது. நச்சுக்கொடியின் துண்டு ஒன்று உள்ளே தங்கிவிட்டது என்று டொக்டர் சொன்னார்.

"போன் எடுத்துச் சொன்னாவே," என்றான் றிஸ்மின். அவன் கத்தவில்லை. "கொஞ்சம் கூடப் போகுது எண்டு சொன்னாவே."

பின்னால் 'போகுது' வந்ததும் நிலந்திக்கு எல்லாம் விளங்கியது. கையிலிருந்த சேலைன் போத்தலை அப்போதே பஸீனாவுக்கு ஏற்றியதாக என்னிடம் சொன்னாள். அம்புலன்ஸில் அவளே ஏறினாள். புத்தளம்வரை பஸீனாவின் கையைப் பிடித்து நாடியைப் பார்த்தபடி போனாள். பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். உயிர் நின்றது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

5

சனிக்கிழமை நிலந்தி வகுப்பில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். பாதி தமிழ், பாதி சிங்களம். சார்ஜன் தலையைக் குனிந்துகொண்டார். ரஸாக் சேர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "நோயாளி வாக்கியத்தை முடிக்கவில்லை" என்றார். "'கூடுதலாக உள்ளது' என்று சொல்லியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. மொழியைச் சரியாகப் பேசாதவர்களால் வரும் வினை."

[இந்த இடத்தில் நிலந்தி, "அவ செத்திருந்தா வாக்கியம் முடிஞ்சிருக்கும் சேர்" என்று சொன்னதாக எழுதியிருந்தேன். எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு அவளிடம் கேட்டேன். "நான் ஒண்டும் சொல்ல இல்ல. உக்காந்துட்டேன்" என்றாள். ஆகவே அவள் ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.]

வகுப்பு கலைந்ததும் சேர் எதிரே இருந்த கடைக்குப் போய், "தேத்தண்ணி ஒண்டு தாங்க. சீனி கொஞ்சம் கூடப் போடுங்க" என்றாராம். இதைச் சொன்னது சார்ஜன். நம்புவதா என்று யோசித்தேன். இவ்வளவு கச்சிதமாக நடக்கும் எதையும் நான் நம்புவதில்லை. ஆனால் கைநூலின் அடுத்த பதிப்பை நானே காசு கொடுத்து வாங்கிப் பார்த்தேன். 'கூட' என்ற சொல்லுக்கு நேரே புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: 'அதிகம் என்ற பொருளில் வருவது அருகிய வழக்கு, தவிர்க்க.'

ஒரு பெண்ணின் கர்ப்பப்பைக்கு அந்த மனிதர் கொடுத்த இடம் ஒரு வரி. அதிலும் ஒரு காற்புள்ளி.

6

இனி முடிவு.

ஒன்று: நிலந்தி வாய்மொழிச் சோதனையில் அபாரமாகச் சித்தியடைகிறாள். [உண்மையில் அடைந்தாள். அதனால் என்ன?]

இரண்டு: பஸீனா அவளை மன்னிக்கிறாள், இரண்டு இனமும் கட்டிப்பிடித்து அழுகின்றன. இதற்குப் பரிசு கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களே எழுதட்டும்.

நடந்தது இது. நிலந்தி பஸ்ஸேறிப் பள்ளிவாசல்துறைக்குப் போனாள். பஸீனா மெலிந்திருந்தாள். கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்தாள். பிள்ளை உள்ளே தூங்கியது. நிலந்தி வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்த வாக்கியங்களை அப்படியே விட்டுவிட்டாள்.

"நான் சொன்னது பிழை எண்டு உங்களுக்கு விளங்கினதா?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றாள் பஸீனா. "போன வெச்ச பொறகு. இவ்வளவு போகுது, இவ நல்லது எண்டுறாவே எண்டு யோசிச்சன்."

"பின்ன ஏன் திரும்ப எடுக்க இல்ல?"

பஸீனா தேத்தண்ணித் தட்டை ஒரு பக்கம் நகர்த்திவைத்தாள். "அந்த ஆஸ்பத்திரியில எங்களோட தமிழ்ல கதைச்ச முதல் மிஸி நீங்கதான். திரும்ப எடுத்தா, உங்கட தமிழ் விளங்கல்ல எண்டு சொன்ன மாதிரி ஆயிடும். பொறகு நீங்க கதைக்கிறத விட்டுடுவீங்க எண்டு நெனச்சன்."

நிலந்தி இதற்கு ஒரு பதில் சொன்னாள். என்னிடமும் அதைச் சொன்னாள். பல தாள்களில் எழுதிப் பார்த்தேன். எழுத்துத் தமிழில் அது ரஸாக் சேரின் வாக்கியமாகிறது. பேச்சுத் தமிழில் என் சாமர்த்தியமாகிறது. எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன்.

நீங்கள் வந்து அந்தக் கதிரையில் இருங்கள். எண்ணத் தெரிந்த எல்லா எண்களோடும் வாருங்கள். பஸீனா உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொல்லுங்கள்.