மாயக்கல் இருக்க வேண்டிய இடம்

மச்சினன் ஒரு முறைகூடச் சாகாமல் கொடியைத் தொட்டுவிட்டான்.

கம்ப்யூட்டர் ஆட்டத்தில் அந்த லெவலைக் கட்டிய அக்கா புருஷன் கிரேன்காரருக்கு இதைவிடப் பெரிய அவமானத்தை அவன் செய்திருக்க முடியாது. திரையில் குட்டி மனிதன் கொடிக்கம்பத்தைப் பிடித்துச் சறுக்கி இறங்கினான். நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த கிரேன்காரர் டீ டம்ளரை மேஜையில் வைத்தார்.

"திரும்ப ஆடு."

"மாமா, நான் ஒண்ணும் பெரிய ஆட்டக்காரன் இல்ல. உங்க லெவல்ல முதல் குழியிலயே மண்டையப் போடுறவன். அதுக்குத்தானே எனக்கு முட்டுத்தலைன்னு பேரு வச்சாங்க."

"அதனாலதான் சொல்றேன். ஆடு."

திரும்ப ஆடினான். திரும்பவும் சாகவில்லை.

அது ஒரு பழைய குதிக்கிற ஆட்டம். தயாரித்தவர்களே மறந்துவிட்டார்கள். ஆனால் அதைத் திறந்து, உள்ளே இருக்கும் தரையையும் குழியையும் முள்ளையும் காசையும் இஷ்டத்துக்கு இடம் மாற்றி, சொந்தமாக லெவல் கட்டும் ரசிகர் கூட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது. இரக்கமில்லாத கூட்டம். காசுகளை வரிசையாக வைத்து வழி காட்டுவார்கள். வழி நேராக முள்ளில் போய் முடியும். கொடியைத் தொட்டாயிற்று என்று மூச்சு விட்டால் கொடிக்கு அப்பால் தரை பிளக்கும். இவற்றுக்கெல்லாம் தாத்தா, மாயக்கல். குழியின் விளிம்பில், யாராயிருந்தாலும் குதிக்கிற அந்த இடத்துக்குச் சற்று மேலே, கண்ணுக்குத் தெரியாத ஒரு கல்லை வைத்துவிடுவது. குதிக்கிறவன் தலை அதில் மோதும். 'டங்' என்று ஒரு சத்தம். ஆள் நேராகக் குழிக்குள்.

கூட்டத்தில் கிரேன்காரருக்குக் குழியண்ணன் என்று பெயர். முகம் தெரியாதவர்கள் தன்னைத் திட்டி எழுதியதைப் படித்துக்கொண்டேதான் சாப்பிடுவார். "பாராட்டினா சிரிக்கிற ஆளப் பாத்திருக்கேன். எனக்கு வாய்ச்சது திட்டு வாங்கிச் சிரிக்கிற ஆளு" என்று அக்கா தட்டை நகர்த்துவாள்.

மற்றவர்கள் கணக்குப் போட்டு மாயக்கல் வைப்பார்கள். அவர் கணக்கே போட மாட்டார். வெறும் குழியை மட்டும் கட்டிவிட்டு, வேறு எதையோ நினைத்துக்கொண்டு ஓடுவார். விரல் தானாகக் குதிக்கிற இடத்தைப் பார்த்துக் கல்லை அங்கே வைப்பார். "என் விரல் எங்க குதிக்குதோ, அங்கதான் ஊரே குதிக்கும்" என்பார். அது பொய்த்ததே இல்லை.

"கல்லெல்லாம் கண்ணுக்குத் தெரியிற மாதிரி போடுங்க மாமா. என்னதான் ஆச்சுன்னு பாப்போம்."

போட்டார். மச்சினன் மெதுவாக ஓடினான். ஒவ்வொரு குழியிலும் அவன் குதித்து எழும்பிய பிறகுதான் கல் வந்தது. குட்டி மனிதன் அதன் தலைக்கு மேலாகப் பறந்து அந்தப் பக்கம் இறங்கினான்.

"பஸ் போனதுக்கு அப்புறம் ஸ்டாப்ல நின்னு கை காட்டுற மாதிரி நிக்குது மாமா உங்க கல்லு" என்று மச்சினன் சிரித்தான்.

"எல்லாமுமா?"

"எல்லாமும்தான். ஒரு கல்லு தள்ளி. இங்க பாருங்க, இதுவும் ஒரு கல்லு. இதுவும்…"

சிரிப்பு பாதியில் நின்றது. அசட்டையாக வைத்திருந்தால் ஒன்று முன்னே, ஒன்று பின்னே இருக்கும். இவை அளந்து வைத்தது போல எல்லாமே ஒரே அளவு தள்ளி இருந்தன.

கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. லெவலை வெளியிடும் முன் கட்டியவரே அதை ஒரே மூச்சில் ஆடி முடித்து, அந்தப் பதிவையும் அனுப்ப வேண்டும். கிரேன்காரர் இந்த லெவலைச் சுலபமாக முடித்து அனுப்பியிருந்தார். முடியாமல் என்ன? கல் எங்கே என்று அவருக்குத் தெரியும்; அவர் விரலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

"உங்க பழைய லெவல் ஒண்ணு ஆடுங்க மாமா. அந்த உடையிற பாலம்."

கண்ணை மூடிக்கொண்டே அவர் தாண்டுகிற பாலம். முதல் பலகையிலேயே விழுந்தார். மறுபடி விழுந்தார்.

"பட்டன் பழசுடா மாப்ளே."

மச்சினன் தன்னுடைய பட்டன் பெட்டியைக் கொடுத்தான். அதிலும் விழுந்தார். விரல் அழுத்துவது நன்றாகத் தெரிந்தது. பலகை உடைந்த பிறகு அழுத்தியது.

இருவரும் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். ஆனால் இருவர் மனசிலும் இப்போது ஓடிக்கொண்டிருந்தது ஆட்டம் அல்ல.

பதினாறு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும் சைட்டில் அவர் டவர் கிரேன் ஓட்டுகிறார். கீழே வாக்கிடாக்கியுடன் நின்று கொக்கிக்கு வழி சொல்கிறவன் மச்சினன்தான். கட்டடத்தின் பின்பக்கம் கிரேன் கூண்டிலிருந்து தெரியாது. அங்கே இறங்கும் கம்பிக் கட்டுக்கு மச்சினன் வாய்தான் அவருக்குக் கண். கொஞ்ச நாளாகவே கட்டு சொன்ன இடத்தைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. காற்று என்று அவன் நினைத்திருந்தான்.

"நாளைக்கு மேல ஏறாதீங்க மாமா. டாக்டர்கிட்ட போவோம்."

"போனா?"

"என்னன்னு சொல்லுவாரு."

"சொல்லுவாரு. இவன் கை லாயக்கில்லைன்னு எழுதியும் குடுப்பாரு. அப்புறம்? கேட்டுல ஸ்டூல் போட்டு உக்காந்து வர்ற லாரிக்கெல்லாம் சல்யூட் அடிக்கவா?"

"மாமா…"

"இரு. ஒரு லெவல்ல கல்லு தள்ளி இருந்தா நாம என்ன பண்ணுவோம்? லெவலத் தூக்கிக் கடாசிருவோமா? கல்ல நகர்த்துவோம். அவ்வளவுதானே." அவர் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. "நீ ஸ்டாப்பு சொல்றத கொஞ்சம் முன்னாடி சொல்லு. ஒரு கல்லுன்னா ஒரு அடின்னு வச்சுக்க. ஒரு அடி முன்னாடி."

மச்சினன் தலையாட்டினான். அவனை வேலையில் சேர்த்துவிட்டவர் அவர் என்பதால் மட்டும் அல்ல. அந்த நிமிஷத்தில் அது நிஜமாகவே நல்ல யோசனையாகத் தோன்றியது. வேறு யாருக்காவது தோன்றியிருக்குமா என்பது சந்தேகம். லெவல் கட்டுகிறவர்களுக்குத் தோன்றும்.

பலித்தது. ஒரு அடி முன்னால் "ஸ்டாப்" என்றான். கட்டு சரியான இடத்தில் வந்து நின்றது. "இன்னிக்கு முட்டைய வைக்கிற மாதிரி வைக்கிறாரே" என்று சைட் இன்ஜினியரே வியந்தார். வீட்டில் லெவலையும் திருத்தினார்கள். கற்கள் ஒரு கட்டம் பின்னால் போயின. கூட்டம் பழையபடி 'டங்' வாங்கித் திட்டி எழுதியது. கிரேன்காரர் பழையபடி சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். அக்காவிடம் இருவரும் மூச்சு விடவில்லை.

ஆனால் ஒரு அடி ஒரு அடியாகவே இருக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் ஒன்றரை ஆயிற்று. அப்புறம் இரண்டு. மச்சினன் அதற்கேற்ப இன்னும் முன்னால், இன்னும் முன்னால் என்று "ஸ்டாப்" சொல்லிக்கொண்டே போனான். மேலே இருப்பவருக்கு அது தெரியாது. ஒரு அடியிலேயே வண்டி ஓடுகிறது என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று அவன் தினமும் நினைப்பான். மாலையில் ஏணி வழியே இறங்கி வந்து அவர் தோளில் கை போட்டு, "நம்ம ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆளுடா மாப்ளே" என்பார். நினைத்ததை விட்டுவிட்டு அவரோடு டீக்கடைக்கு நடப்பான்.

ஒரு நாள் மச்சினனுக்குக் காய்ச்சல். படுக்கையிலிருந்து போன் செய்தான்.

"மாமா, இன்னிக்கு நீங்களும் லீவு போட்டுருங்க."

"உனக்குக் காய்ச்சல்னா நான் எதுக்குடா போத்திக்கிட்டுப் படுக்கணும்? கீழ வெல்டர் நிக்கிறான். சிக்னல் தெரிஞ்ச பையன்தான்."

"அவன் ஸ்டாப்ப சரியான இடத்துல சொல்லுவான் மாமா."

"சொல்லட்டும். ஒரு அடி இருக்குன்னு அவன் சொல்றப்பவே நான் கைய விட்டுடுவேன். எனக்குத் தெரியாத கணக்கா?"

'இப்போ ஒரு அடி இல்ல மாமா.' இதுதான் சொல்ல வேண்டியது. ஐந்தே வார்த்தை. அவன் வாயைத் திறந்தான்.

"பாத்து மாமா" என்றான்.

கம்பிக் கட்டைத் தரைக்கு ஒரு அடி மேலே நிறுத்த வேண்டும். கீழே மரச்சட்டங்களை நகர்த்தி வைத்த பிறகே முழுதாக இறக்க வேண்டும். வெல்டர் தப்பே செய்யவில்லை. "மூணடி… ரெண்டடி… ஒரு அடி… ஸ்டாப்" என்று, நிறுத்த வேண்டிய இடத்துக்கு மிச்சமிருந்ததை நிதானமாகச் சொன்னான். சொல்லிவிட்டு, நின்றிருக்கும் என்ற நம்பிக்கையில், கோணலாகக் கிடந்த சட்டத்தைக் காலால் தள்ளினான்.

கட்டு நிற்கவில்லை.

விபத்துக்குக் காரணம் சிக்னல் தாமதம் என்று முதலில் எழுதினார்கள். கிரேன்காரர் ஏணியில் ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து இறங்கி வந்து, எழுதிக்கொண்டிருந்த இன்ஜினியர் முன்னால் நின்றார். "அவன் சரியாத்தான் சொன்னான். லேட்டானது என் கை" என்றார். அதோடு கூண்டுக்கு வேறு ஆள் வந்தான். மச்சினனோடு செய்துகொண்ட ஏற்பாட்டைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

டாக்டர் நரம்பு நோய் என்றார். அதன் பெயர் நீளமாக இருந்தது. மருந்து அதன் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கும், போனதைத் திருப்பித் தராது என்றார். எதிரே உட்கார்ந்திருந்த அக்கா, "எத்தனை நாளா இது உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டது டாக்டரை அல்ல. கிரேன்காரர் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். அவள் தம்பி பக்கம் திரும்பினாள். அவன் கதவுப் பக்கம் பார்த்தான்.

வெல்டருக்குக் காலைக் கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள். கிரேன்காரரும் மச்சினனும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வெல்டர் கோபப்படுவான், தலையணையையாவது தூக்கி எறிவான் என்று தயாராகப் போயிருந்தார்கள். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அண்ணே, நான் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னே."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். அவர்கள் கிளம்பும்போதும் கேட்டான்.

அதற்குப் பிறகு கிரேன்காரர் வீட்டோடு ஆனார். அக்கா ஒரு துணிக்கடையில் நிற்கும் வேலைக்குப் போகத் தொடங்கினாள். கூட்டத்திலிருந்து குழியண்ணனை விசாரித்து எழுதினார்கள். அவர் பதில் போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சினனைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஒரு லெவல் கட்டியிருக்கேன். ஆடு."

லெவல் என்று சொல்லவே முடியாது. கொஞ்சம் தரை, ஒரே ஒரு குழி, அந்தப் பக்கம் கொடி. காசு இல்லை, முள் இல்லை. மச்சினன் ஓடினான். விளிம்பு வந்தது. விரல் குதிக்கத் துடித்தது. அவன் அடக்கினான். அக்கா அடுக்களையில் பாத்திரம் தேய்க்கிற சத்தத்தைக் கேட்டபடி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விளிம்பின் கடைசி நுனி வரை பொறுத்து, அப்புறம் அழுத்தினான்.

டங்.

"செத்துட்டேன் மாமா. இன்னும் உங்கள அடிச்சுக்க ஆளில்ல."

கிரேன்காரர் சிரிக்கவில்லை.

"காத்திருந்து குதிச்சே."

"இல்ல மாமா."

"பட்டன் சத்தம் எனக்குக் கேக்காதாடா? கைதான் போச்சு. காது இருக்கு." நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "எத்தனை கல்லு காத்திருந்தே?"

"மூணு."

அவர் தலையாட்டினார்.

"அன்னிக்கு எத்தனை?"

"என்னிக்கு?"

"காய்ச்சல்ல போன் பண்ணியே. அன்னிக்கு."

அடுக்களையில் குழாய் மூடப்பட்டது. மச்சினன் கையில் இருந்த பட்டன் பெட்டியை மேஜைமேல் வைத்தான்.

"ரெண்டு."

"நான் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டு விட்டேன்" என்றார் அவர். திட்டவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா எனக்குக் கஷ்டமா இருந்திருக்கும். ஆமா. அதனாலதான் நீ சொல்லல."

"மாமா…"

"சரி விடு. கல்ல நகர்த்தணும்."

மௌஸைப் பிடித்தார். கல்லைப் பின்னால், சரியான இடத்தை நோக்கி இழுத்தார். நிறுத்த நினைத்த கட்டத்தைத் தாண்டிப் போயிற்று கல். திரும்ப முன்னால் தள்ளினார். மறுபடியும் தாண்டியது. அடுக்களை வாசலில் அக்கா ஈரக்கையோடு வந்து நின்றாள். கல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. எந்த இடத்தில் சொன்னால் அது சரியாக வந்து நிற்கும் என்று மச்சினனுக்குத் தெரியும். ஸ்டாப் என்று சொல்லத்தான் அவனுக்கு வாய் வரவில்லை.