கனூவின் பின்பக்கம்

வேட்டைக்கும் கூடாரம் போட்டுத் தங்குவதற்கும் திறந்த கனூப் படகு நல்லதா, மேல்மூடிய கயாக் நல்லதா என்று கேட்டால் எல்லோரும் எடையையும் நீளத்தையும்தான் பேசுவார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு அப்படி நடக்கவில்லை.

மூஸ் மான் வேட்டைக்கான அரசு அனுமதிக் குலுக்கலில் இந்த வருடம் என் பெயர் விழுந்தது. ஒடீல் வுவாசின், ஒரு கடா, அக்டோபர் இரண்டாம் வாரம். கல்யாணம் ஆன காலத்திலிருந்து பெயர் போட்டு வருகிறேன். இதை விட்டால் அடுத்தது எனக்கு எழுபது வயதில்கூட வராது. செய்தி தெரிந்த அன்று மாலையே என் அண்ணன் ரொசேர் லாரியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"நமக்கு விழுந்திருச்சு ஒடீல்!"

"நமக்கு இல்லண்ணே, எனக்கு."

"சரி, உனக்குத்தான். நான் பின்னால நின்னு ஓட்டறேன், நீ முன்னால உக்காரு. சுடுன்னு நான் சொல்றப்ப சுடு. அவ்வளவுதான் வேலை."

எங்கள் ஆற்றுப் பக்கத்தில் வழக்கம் அதுதான். இலையுதிர் காலத்தில் தண்ணீர் வற்றிக் கல் தெரியும். அப்போது துடுப்பு உதவாது. கனூவின் பின்பக்கத்தில் எழுந்து நின்று, நீளக் கழியை ஆற்றடியில் ஊன்றி, படகை எதிர்நீரில் தள்ள வேண்டும். நிற்பது ஆம்பளை. முன்னால் சாப்பாட்டுப் பெட்டியோடு பெட்டியாக உட்காருவது பொம்பளை. நானும் அப்படித்தான் வருடா வருடம் உட்கார்ந்து போய், ஆண்களுக்குச் சமைத்துப் போட்டுத் திரும்பியிருக்கிறேன்.

"எனக்குன்னு ஒரு படகு வேணும்" என்றேன்.

"அதுக்கென்ன? லொரெட்டோட கயாக் சும்மாதான கெடக்கு. ஊதாக் கலரு. உனக்கு அதுதான் தோது. கவுழாது. எங்க பின்னாலயே பத்திரமா வந்துரலாம்." லொரெட் அவர் மனைவி.

கயாக்கைக் குறை சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. ஒரு வாரம் ஏரியில் ஓட்டிப் பார்த்தேன். எதிர்க்காற்றில் கத்தி மாதிரி போகிறது. தனி ஆளாகத் தூக்கி வண்டியில் போடலாம். வாத்து வேட்டைக்கு, ஒரு ராத்திரி தங்கி வருவதற்கு, அதைவிட நல்லது இல்லை. ஆனால் துப்பாக்கியை மடியில்தான் வைக்க வேண்டும். துடுப்பிலிருந்து வழிகிற தண்ணீர் முழுக்க அதன்மேல்தான். கூடாரம் உள்ளே போனால் அடுப்புக்கு இடமில்லை. மூஸின் ஒரு தொடையைக்கூட ஏற்ற முடியாது. எல்லாவற்றுக்கும் மேல், அதில் எழுந்து நிற்க முடியாது.

கனூ வாங்கினேன். பச்சை நிறம், இருபது அடி, பழசு. பாலத்துக்குக் கீழே கழி ஊன்றப் பழகினேன். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஊரில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். அதனால் நான் தண்ணீரில் விழுந்த ஒவ்வொரு முறையும் பாலத்தின் மேல் கைதட்டல்.

"ஒடீல், தண்ணி எப்படி இருக்கு?"

"இறங்கி வா, தள்ளிவிட்டுக் காட்டறேன்!"

ஆகஸ்ட் முடிவதற்குள் விழுவது நின்றது. கைதட்டலும் நின்றது.

அனுமதிச் சீட்டில் கூட வேட்டைக்கு வரும் ஆளாக ஒரு பெயர் கொடுக்கலாம். பள்ளிச் சமையலறையில் வேலை செய்யும் மரியெட்டின் பெயரைக் கொடுத்தேன். ரொசேருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ரெண்டு பொம்பளையா? சுட்டுருவீங்க, சரி. அப்புறம்? இப்பல்லாம் அக்டோபர் கூட வெயிலா இருக்கு. ஒரு பகல்ல கறி கெட்டுப் போயிரும். அவ்வளவு பெரிய உயிரைக் கொன்னு அழுக விட்டீங்கன்னா ஊரு மூஞ்சில எப்படி முழிப்ப?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் பயம் அதுதான். சுடுவதில் இல்லை, கறியைக் கெடாமல் கொண்டுவருவதில்தான் என் பேர் இருந்தது.

"கொண்டு வருவேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். மரியெட் முன்னால் உட்கார்ந்து கல்லைப் பார்த்துச் சொல்ல, நான் நின்று தள்ளினேன். ஓடை வந்து ஆற்றில் சேரும் முனையில் கூடாரம் அடித்தோம். பக்வீட் மாவில் செய்யும் எங்கள் ஊர்த் தோசையான பிளாய் சுட்டு, பன்றிக்கொழுப்புத் தடவிச் சாப்பிட்டுப் படுத்தோம்.

விடிகிற நேரத்தில் பிர்ச் மரப்பட்டையைச் சுருட்டிச் செய்த ஊதியில் பெண் மூஸ் மாதிரி முனகினேன். பிறகு பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு மேலிருந்து ஊற்ற வேண்டும். பெண் மூஸ் ஆற்றில் நின்று மூத்திரம் பெய்கிற சத்தம் அது. அதைக் கேட்டால் கடா வரும்.

மரியெட் காதோரம் சொன்னாள்: "இதுக்குப் பாத்திரம் எதுக்குடி? ரெண்டு பேரும் எந்திரிச்சதுல இருந்து அடக்கிட்டுதான இருக்கோம்."

சிரிப்பை அடக்க முடியாமல் பாத்திரத்தைக் கீழே போடப் பார்த்தேன். அதற்குள் எதிர்க்கரையில் கிளை முறிந்தது. கடா இறங்கி வந்தது. வயிறு வரை தண்ணீரில் நின்றது.

"சுடு, சுடு" என்றாள் மரியெட்.

சுடவில்லை. தண்ணீரில் விழுந்த மூஸை எத்தனை பேர் சேர்ந்தாலும் இழுக்க முடியாது. ரொசேர் ஒரு வருடம் அப்படிச் சுட்டுவிட்டு, கழுத்தளவு தண்ணீரில் நின்று கறி அறுத்தார். கடா என்னைப் பார்த்தது. துப்பாக்கியை இறக்காமல் காத்திருந்தேன். அது மெதுவாக எங்கள் பக்கக் கரையின் சரளைக்கல்லில் ஏறியதும் ஒரே குண்டு.

அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்புறம் கத்தியை எடுத்தோம். உரித்து, தொடை, தோள், விலா என்று பிரித்து, துணிப்பையில் கட்டிக் கனூவில் ஏற்றி முடிப்பதற்குள் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. ஈ வர ஆரம்பித்தது. மரியெட் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். கனூ மூழ்கவில்லை, ஆனால் அடி கல்லில் தட்டியது. இந்த ஆழத்தில் கறியோடு ஒரு ஆள்தான் போக முடியும்.

அப்போதுதான் வளைவில் ஊதா நிறம் தெரிந்தது. ரொசேர். ஆறடி ஆள், லொரெட்டின் கயாக்கில், முட்டி காதைத் தொட. பாதி வழி அதைக் கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்.

"சத்தம் கேட்டுச்சு. என் படகோட மோட்டார் கல்லுல அடிபட்டுப் போச்சு. அதான் இதுல வந்தேன்." கறியைப் பார்த்தார். கொம்பைப் பார்த்தார். "நல்ல கடா." பிறகு கையை நீட்டினார். "கழியக் குடு. நான் கொண்டு போறேன். நீ கயாக்ல பின்னால வா. மரியெட் காட்டுப் பாதைல நடக்கட்டும்."

"எனக்கு மட்டும் கால் ஓசில வந்துச்சா?" என்றாள் மரியெட்.

"கழியத் தர மாட்டேன்" என்றேன்.

"ஒடீல், வெளையாடாத. இறங்கறது ஏறற மாதிரி இல்ல. கவுந்தா எல்லாம் போச்சு."

"கவுந்தா என் கறி, என் பேரு. நீ வந்த படகுலயே போண்ணே. மரியெட், நீ கூடாரத்துலயே இரு, திரும்பி வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கயாக்கில் ஏறி முன்னால் போனார்.

பாரத்தோடு இறங்கும்போது தள்ளக் கூடாது, பிடிக்க வேண்டும். கழியை முன்னால் ஊன்றி, ஆறு ஓடுகிற வேகத்தைவிட மெதுவாகப் படகை இறக்க வேண்டும். பாலத்துக்குக் கீழே நான் அதிகம் விழுந்தது இதில்தான். இரண்டு கல்லுக்கு நடுவே கழி ஒருமுறை சிக்கியது. பிடுங்கியபோது கனூ பக்கவாட்டில் திரும்பியது, கறிப்பைகள் சரிந்தன, விளிம்பில் தண்ணீர் ஏறியது. முட்டியை மடக்கி, மறுபடி ஊன்றி, முழு உடம்பையும் கழியில் தொங்கப் போட்டேன். படகு நேரானது. நின்றது. அவ்வளவு பாரமும் ஆற்றின் நடுவே அசையாமல் நின்றது.

கீழே ரொசேர் வேகம் தாங்காமல் பாறையில் மோதினார். கயாக் கவிழ்ந்து, தண்ணீர் ஏறி, பாறையைச் சுற்றி வளைந்து ஒட்டிக்கொண்டது. அவர் இடுப்பளவு தண்ணீரில் தொப்பி இல்லாமல் எழுந்து நின்றார்.

"அடி பட்டுச்சாண்ணே?"

"இல்ல. ஏத்திக்கோ என்னை."

"இடமில்ல. கரையோரமா நட."

"என்னையா நடக்கச் சொல்ற?"

"கறி வெயில்ல இருக்கு."

தாண்டிப் போனேன்.

படகுத்துறையில் கறியை நிழலில் தொங்கவிட்டு, ஒவ்வொரு பையாகக் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். சுத்தமான வாசனை. கடைசிப் பையைக் கட்டும்போது ரொசேர் புதரிலிருந்து வெளியே வந்தார்.

"முன்பக்கம் பாரம் ஜாஸ்தியா வச்சிட்ட" என்றார்.

"இறங்கறப்ப அப்படித்தான் வைக்கணும்."

ஒரு பையை அவரும் தொட்டுப் பார்த்தார். ஒரு தேவதாருக் கிளையை ஒடித்து ஈ ஓட்டத் தொடங்கினார்.

"கயாக்குக்கு லொரெட்கிட்ட என்னன்னு சொல்றது?"

"உன் பொண்டாட்டி படகு. நீயே சொல்லு."

மரியெட்டைக் கூட்டிவர வேண்டும். காலிக் கனூவைத் தண்ணீரில் தள்ளி, பின்பக்கம் ஏறி நின்று, கழியை ஊன்றினேன்.

"இடது பக்கமாப் போ ஒடீல்! இடது பக்கம்!" என்று கரையிலிருந்து கத்தினார்.

வலது பக்கத்தில் தண்ணீர் இருந்தது. வலது பக்கமாகவே போனேன்.