ஏழு திருத்தங்கள்

பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில் புதன்கிழமை மதியம் ஒரு மணி நேரம் எழுத்து வகுப்பு நடக்கும். வகுப்பு என்று பேர்தான், பாடம் கிடையாது. மனதில் இருப்பதை எழுதலாம், பிடித்ததை வாசிக்கலாம், சும்மாவும் உட்கார்ந்திருக்கலாம். ஆய்வு மாணவியான என்னைத் துணைக்கு இருக்கச் சொன்ன ஆலோசகர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "யாராவது நோட்டைக் கொடுத்தா வாசிங்க. திருத்த வேண்டாம்."

முதலாண்டு வேதியியல் மாணவன் ஒருவன் வருவான். நெடுநெடுவென்று வளர்ந்து கழுத்தை நீட்டி நடப்பான். எல்லோரும் ஒட்டகம் என்று கூப்பிட, அவனும் அதற்கே திரும்பிப் பார்ப்பான். மூன்று வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான். நான்காவது வாரம் என் மேஜையில் நோட்டை வைத்து, "நேரமிருந்தா பாருங்க அக்கா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனான்.

என்னிடம் நாற்பது விடைத்தாள்கள் இருந்தன. மறுநாளே திருத்திக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கட்டோடு கட்டாக அவன் நோட்டையும் எடுத்தேன். போன மாதம் அப்பா இறந்துவிட்டார் என்பது முதல் வரி. அதற்குக் கீழே, அப்பா காலையில் எழுந்ததும் ரேடியோவைத் திருகுகிறார், செய்தி வாசிப்பவரோடு சண்டை போடுகிறார், சட்டைப் பட்டனை மாற்றி மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறார் என்று போனது.

என் கை அதுபாட்டுக்குத் திருத்தியது. திருகினார். போட்டார். கிளம்பினார். ஏழு இடம். ஓரத்தில் சிவப்பு மையில், "காலம் மாறக் கூடாது" என்று குறிப்பு வேறு.

அடுத்த புதன்கிழமை அவன் நின்றபடியே நோட்டைப் பிரித்துப் பார்த்தான். "சரிங்க அக்கா" என்றான். போய்விட்டான்.

"அவன் முகம் ஏன் அப்படி ஆச்சு?" என்று ஆலோசகர் கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். பாதியில்தான் உறைத்தது, ஏழு இடத்தில் அவன் அப்பாவைச் சாகடித்திருக்கிறேன் என்று. ஆலோசகர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு வாரம் அவன் வரவில்லை. வேதியியல் ஆய்வகத்துக்கே போனேன். தனியாக நின்று கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, நான் செஞ்சது தப்பு."

"இலக்கணப்படி சரிதானே அக்கா."

"உன் நோட்டுல இலக்கணத்துக்கு என்ன வேலை? கண்ணுதான் படிச்சுது, நான் படிக்கல."

ஒரு குழாயைக் கவிழ்த்து வைத்தான். "வீட்டுல அம்மாவே அப்பாவைப் பத்தி இருந்தாரு, செஞ்சாருன்னுதான் பேசுறாங்க. எனக்கு அது வாயில வரல. எழுத்துலயாவது இருக்கட்டும்னு நினைச்சேன்."

"அந்தப் பக்கம்?"

"கிழிச்சுட்டேன்."

"புதன்கிழமை வாப்பா. என்கிட்ட எதுவும் காட்ட வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன்.

வந்தான். நானும் அந்த ஒரு மணி நேரத்தில் எழுத ஆரம்பித்தேன், செய்ததை ஒளிக்காமல். "மனசு லேசாச்சா?" என்று ஆலோசகர் கேட்டார். இல்லை என்றேன். "அப்போ இன்னும் எழுதுங்க" என்றார்.

போன வாரம் ஒட்டகம் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் நோட்டைக் கொடுத்தான். அவள் எதையோ வாசித்துச் சிரித்தாள், அவனும் சிரித்தான். கிழித்ததைத்தான் மறுபடி எழுதியிருக்கிறானா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.