மடைமேல் ஒரு கொக்கு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு கேமரா வாங்க வேண்டியிருந்தது. டிஎஸ்எல்ஆரா, சூப்பர்ஜூமா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டும் முடிவுக்கு வர முடியவில்லை. ஆகவே பரணிதரன் என்று ஒருவனைப் படைத்து, முடிவை அவன் தலையில் கட்டிவிட்டேன். கதை எழுதுகிறவனுக்கு இருக்கும் ஒரே வசதி இதுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காவிரியின் மீது அதிகாலைப் பனி மெல்லப் படர்ந்து—"

அடித்துவிட்டேன். பரணிதரனின் வயல் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடைமடையில் இருக்கிறது. அங்கே காவிரி என்றால் வாய்க்காலில் முறைவைத்து விடும் தண்ணீர். அதுவும் வந்தால் உண்டு.

2.

பரணிதரனுக்குப் பறவைப் பைத்தியம். அவன் மனைவி குந்தவைக்கோ மகளின் காதுகுத்தைப் படமெடுக்க வேண்டும். இருவரும் தஞ்சாவூர்க் கடைக்குப் போனார்கள்.

"டிஎஸ்எல்ஆர்னா தூரத்துக்கு ஒரு லென்ஸ், கிட்டத்துக்கு ஒரு லென்ஸ். மாத்தி மாத்திப் போடணும் சார்," என்றார் கடைக்காரர்.

"இவரு வயல்ல நின்னு கழட்டினா உள்ளாற பதருதான் போவும். கழட்டவே முடியாததா ஒண்ணு குடுங்க," என்றாள் குந்தவை.

சூப்பர்ஜூம் வந்தது. பொத்தானை அழுத்தினால் மூக்கு நீளும். அடுத்த ஊர்க் கோபுரத்துப் புறா கைக்கெட்டும்.

(சென்சார் அளவைப் பற்றி இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். என் மனைவி ராஜாத்தி படித்துவிட்டு, "இது கதையா, கடை நோட்டீசா?" என்றாள். எடுத்துவிட்டேன்.)

3.

மழை ஏமாற்றிய கார்த்திகை. கதிர் வரும் நேரத்தில் பரணிதரனின் பயிர் நுனி கருகி நின்றது. அன்று தண்ணீர் முறை அவனுடையது. வாய்க்காலோ காய்ந்து கிடந்தது. மங்கிய வெளிச்சத்தில், வெகுதூரத்து மடைமேல் வெள்ளையாக ஏதோ குனிந்திருந்தது. கொக்கு, பெரிய கொக்கு என்று மூக்கை நீட்டினான்.

கொக்கு வேட்டியை மடித்துக் கட்டியிருந்தது. கையில் மண்வெட்டி.

குந்தவையின் அண்ணன் இளஞ்செழியன், தங்கச்சி வயலுக்குப் போகும் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். பரணிதரனின் விரல் தானாக அழுத்திவிட்டது.

டிஎஸ்எல்ஆர் வாங்கியிருந்தால், கூடவே தரும் சின்ன லென்ஸுக்கு அது வெறும் வெள்ளைப் புள்ளி. குடும்பமும் நிம்மதியாக இருந்திருக்கும். சூப்பர்ஜூமின் குறைகளில் இதை யாருமே எழுதுவதில்லை.

4.

படத்தை ஊர்க்கூட்டத்தில் காட்டினால் தண்ணீர் வரும். ஆனால் வெள்ளிக்கிழமை காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். குந்தவைக்கு இருப்பது ஒரே அண்ணன். வேறு மடி கிடையாது.

முடிவு அ: காட்டுகிறான். பயிர் பிழைக்கிறது, மடி போகிறது.

முடிவு ஆ: அழித்துவிடுகிறான். மடி கிடைக்கிறது, பயிர் பதரா—

இரண்டும் பிடிக்கவில்லை. இளஞ்செழியனை வில்லனாக்கிப் பார்த்தேன். அந்த மனுஷனோ பிள்ளைக்குத் தோடு, பட்டுப்பாவாடை என்று சீர்த்தட்டோடு வந்து நிற்கிறார். அவர் வயலும்தான் காய்கிறது. எனக்கே பாவமாக இருந்தது.

5.

(இந்தப் பகுதியில் குந்தவை படத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். "பொம்பளைன்னா உடனே அழ விட்டுருவீங்களே" என்று ராஜாத்தி கிழித்துப் போட்டாள். ஆகவே குந்தவைக்கு இன்னும் எதுவும் தெரியாது.)

6.

வெள்ளிக்கிழமை. பிள்ளை மாமன் மடியில். ஆசாரி ஊசியை எடுத்ததுமே வீறிட்டது.

"மாப்ள, கேமராவைக் குடுங்க. பாப்பாவுக்குக் குருவி காட்டுவோம்," என்றார் இளஞ்செழியன்.

பரணிதரன் தயங்குவதற்குள் குந்தவை பிடுங்கி அண்ணன் கையில் கொடுத்துவிட்டாள். அவர் ஒவ்வொரு படமாகத் தள்ளினார். மீன்கொத்தி. பிள்ளை விசும்பலை நிறுத்தியது. நாரை. சிரித்தது. அடுத்த படத்தில் அவர் கட்டைவிரல் நின்றுவிட்டது.

"இது என்ன மாமா?" என்றது பிள்ளை.

பிள்ளையைச் சுற்றியிருந்த கை இறுகியது. பிறகு இளஞ்செழியன் நிமிர்ந்தார்.

"மாப்ள... இது கொக்குதானே?"

குந்தவை எட்டிப் பார்க்க வருகிறாள். ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார். பரணிதரன் சொன்னான்:

"                              "

அந்த இடத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். என்னால் முடியாது. ராஜாத்திக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார்; நான் எழுதுவதை ஒன்றுவிடாமல் படிக்கிறார்.