கட்டுரையில் கரையேறியவள்

அகதிகளை ஆபத்துக்குள் திருப்பி அனுப்பக்கூடாது என்னும் சர்வதேசச் சட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கத் தாமரைச்செல்வி பட்ட பாடு கே.கே. நகருக்கே தெரியும். பேரையூர்ப் பக்கமிருந்த இலங்கைத் தமிழர் முகாமுக்கு வெயிலென்றும் பாராமல் ஸ்கூட்டியில் அலைந்தாள். பேட்டி கொடுப்பவர்களின் உண்மைப் பெயரை வெளியிடக்கூடாது என்பது ஆராய்ச்சி விதி. பெயரை மாற்றிவிட்டால் ஆளைக் காப்பாற்றிவிட்டதாகப் படித்தவர்களுக்கு ஒரு நிம்மதி.

"வேற பேரு போடணும்க்கா. நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

முகாமில் பேட்டி கொடுத்த தவமலர் யோசிக்கவே இல்லை. "சுகந்தினி எண்டு போடுங்கோ."

மன்னாரில் படகேறியது, படகு கவிழ்ந்தது, மணல்திட்டில் கரையேறியது எல்லாம் தாமரைச்செல்வியின் கட்டுரையில் சுகந்தினியின் வாக்குமூலமாக இணையத்தில் வந்தது. பெயர் மாற்றப்பட்டது என்ற அடிக்குறிப்பும் இருந்தது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? பாராட்டு குவிந்தது. பிறகுதான் நார்வேயிலிருந்து அந்தப் போன்.

"சுகந்தினி என்ர தங்கச்சி. அதே படகு. செத்திட்டாள் எண்டு வருஷா வருஷம் திவசம் குடுக்கிறம். உயிரோட இருக்கிறாளோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

தாமரைச்செல்வி "விசாரிச்சுச் சொல்றேண்ணே" என்று வைத்துவிட்டாள். அதன்பின் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டுரையைத் திறந்தால் முகம் தெரியாத ஒருத்தி 'நான் கரையேறினேன்' என்றாள். குளிக்கத் தண்ணீர் மொண்டால்கூட யாரோ மூச்சுக்குத் திணறுவது கேட்டது. பயந்துதான் போனாள்.

மறுநாள் காலை, முகாமில் அதிகாரிகள் ஆள் சரிபார்த்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டாள்.

"யாருக்கா சுகந்தினி?"

"படகில எனக்குப் பக்கத்தில இருந்தவள். கடல் கொண்டு போட்டுது." தவமலர் அதிகாரிகள் போன திசையைப் பார்த்தாள். "செக்கிங்கில நான் என்ர பேருக்குக் கை தூக்கேக்க அவளும் வந்து பக்கத்தில நிக்கிறாள், பிள்ளை. அவளை ஒருத்தரும் கூப்பிடுறதில்லை. உங்கட கட்டுரையிலயாவது கரையேறட்டும் எண்டு நினைச்சன்."

"அவுங்க அண்ணன் கேக்குறாரே, நான் என்னத்தச் சொல்ல?"

"நானே சொல்லுறன். எடுத்துத் தாங்கோ."

உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று நம்பித்தான் தாமரைச்செல்வி ஸ்பீக்கரைப் போட்டுக் கொடுத்தாள். ஆனால் எடுத்தது அண்ணன் இல்லை. நடுங்கும் குரலில் ஒரு கிழவி.

"ஆர், சுகந்தினியோ? அம்மா கதைக்கிறன். சாப்பிட்டியோ பிள்ளை?"

தவமலர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தாமரைச்செல்வி பதறிப்போய்ப் போனைப் பிடுங்கக் கையை நீட்டினாள்.

"சாப்பிட்டன் அம்மா" என்றாள் தவமலர்.