ஊர்னா படுத்திருக்கும் தரை

...காட்டுக் கொட்டை வேறு, விதைக் கோதுமை வேறு என்று அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாம், யார் சொல்வது, வீட்டில் நான் ஒருத்தன்தான் இருந்தேன், தரைக்குக் கீழே செத்துப்போன என் மனைவி ஊர்னா இருந்தாள், அவள் என்றைக்கு என்னைத் தடுத்தாள்... இப்போது மகன் தோரக் மான்கொம்பால் அடுப்பைச் சுற்றிக் கொத்துகிறான், சிவப்புக் காரை சில்லுச் சில்லாகத் தெறிக்கிறது, ஒன்று என் கால்மேல் விழுந்து கிடக்கிறது, தட்டிவிட மனமில்லை. அவன் அம்மாவைப் படுக்க வைத்து அந்தக் காரையைப் பூசியவன் நான். தலை ஆறு போகிற பக்கம். செத்தவர்கள் கீழே, இருப்பவர்கள் மேலே, மீன் பிடிக்கிற எங்கள் ஆட்களுக்கு எப்போதும் அப்படித்தான், குளிரில் முதுகைத் தரையோடு ஒட்டிப் படுத்தால் அவள் இருக்கிறாள் என்று தெரியும், இதில் பயப்பட என்ன இருக்கிறது?

மருமகள் இஸ்மாவுக்குப் பயமாம். ஆட்டை ஓட்டிக்கொண்டும் கோதுமையைத் தூக்கிக்கொண்டும் வந்த கூட்டத்துப் பெண், செத்தவர்களை வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத கூட்டம். நேற்று எல்லார் முன்னாலும் சொன்னாள், "எங்க அண்ணன் நிலத்துல கணுக்கால் உசரம் நிக்குது, நம்ம நிலத்துல ஒரு பச்சை கிடையாது. கீழ கிடக்குற அத்தைதான் முளையத் தின்னுட்டாங்க. எடுத்து ஆத்துல விட்டாத்தான் அடுத்த விதைப்பாவது நிக்கும்." தோரக் என்னைப் பார்த்தான், நான் அடுப்பைப் பார்த்தேன். ஆற்றில் விட்டால் அவள் எங்கே போய்ப் படுப்பாள், அந்தப் பெருமீன்கள் சேற்றையே கிளறித் தின்பவை... நாளைக்கு அந்த மீனை நான் எப்படித் தின்பேன்?

போன குளிர் காலம், மழை விடவில்லை, இஸ்மா பிள்ளை பெற அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், தோரக்கும் கூடப் போயிருந்தான். விதைப் பானையைத் திறந்து பார்த்தேன். தின்ன இல்லை, சும்மாதான். கோதுமை வேர்த்திருந்தது, மேலே வெள்ளையாகப் பூஞ்சணம். எங்கள் அப்பா, அவர் அப்பா, எல்லாரும் காட்டுக் கொட்டையைச் சூட்டு மணலில் வறுத்துத்தான் குளிரைத் தாண்டினார்கள், வறுத்தது கெடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கருகாமல், ஊர்னாவுக்குப் பிடித்த பதத்தில் வறுத்தேன், வாசனை வீடு முழுக்க நின்றது, ஆறவைத்துப் பானையில் கொட்டி மூடினேன், ஒரு மணிகூட வாயில் போடவில்லை... அதைப் பெருமை என்று நினைத்தேன், பார். பத்து நாளைக்கு முன்னால் இஸ்மாவின் அண்ணன் தன் நிலத்தைக் கிளறி முளைவிட்ட மணி ஒன்றைக் காட்டிச் சிரித்தான், "பாத்தீங்களா பெரியவரே, பானைக்குள்ள தூங்கிட்டுக் கிடந்தான், மண்ணுக்குள்ள போனதும் முழிச்சுக்கிட்டான்." தூங்குகிறவனையா நான் சூட்டு மணலில் போட்டேன்? ஒரு பானை நிறைய. அன்றிலிருந்து கண்ணை மூடினால் மணலுக்குள் ஏதோ படபடவென்று வெடிக்கிறது.

சொல்லிவிடலாம். விதைப் பானையில் கை வைத்தவனுக்கு இஸ்மாவின் ஆட்கள் எந்த அடுப்பிலும் இடம் தர மாட்டார்கள், இந்த வயதில் காட்டில் நான் எத்தனை நாள் தாங்குவேன்... சொல்லாவிட்டால் ஊர்னா போவாள். உயிரோடு இருப்பவனுக்குச் செத்தவள் இடம் விடக் கூடாதா, அவள் எத்தனையோ விட்டுக்கொடுத்தவள்தானே, சீ, என்ன நினைப்பு இது. "அப்பா, வெளிய போய் உக்காருங்க, இதப் பாக்க வேணாம்" என்கிறான் தோரக். "ஏன், எனக்கு அவளத் தெரியாதா?" என்றேன். "அப்ப வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே நிறுத்திடுறேன்." மான்கொம்பை நிறுத்திக்கொண்டு காத்திருந்தான். நான் வாயைத் திறந்தேன்.

"மாமா, நீங்க பேசாம இருங்க." வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இஸ்மா. கோபமாகச் சொல்லவில்லை, சுடுகிறது தொடாதே என்று பிள்ளையிடம் சொல்வாளே, அந்தக் குரல். அந்தக் கண்ணை எங்கே பார்த்தேன்... விதைப்பு நாளில். பானைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள், மூக்கருகே கொண்டுபோனாள், வெகுநேரம் அப்படியே நின்றாள், ஏதோ வேண்டுகிறாள் என்று நினைத்தேன், பிறகு என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வீசத் தொடங்கினாள். கோதுமைக்குள்ளேயே பிறந்தவள், வறுத்த வாசனை தெரியாதா அவளுக்கு? அண்ணனிடம் வேறு விதை கேட்டிருக்கலாம், கேட்டால் ஏன் என்று அவன் கேட்டிருப்பான்... அப்படியானால் பழியைத் தரைக்குக் கீழே இருப்பவள்மேல் போட்டது யாருக்காக? தோரக் இன்னும் என் முகத்தையே பார்க்கிறான், நானும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் வாய் எப்போதோ மூடிக்கொண்டுவிட்டது, இவ்வளவு சுலபமாக, மான்கொம்பு மறுபடி இறங்குகிறது, கீழே இருப்பவள் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.