சன்னக் கம்பியின் சத்தம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையதல்ல. ஊட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால், மைக், ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பழுது பார்க்கும் அஃப்ரீனின் கடையில் கிடைத்தது. மழையில் நனைந்த என் ஸ்பீக்கரைக் கொடுக்கப் போயிருந்தேன். ஸ்பீக்கர் இன்றுவரை பேசவில்லை. கேட்கப் போகும்போதெல்லாம் அஃப்ரீன்தான் பேசினாள்.

வந்த கதையை எப்படித் தொடங்குவது என்பதில்தான் சிக்கல்.

"ஊட்டியில் அன்று பனிமூட்டம் அடர்ந்திருந்தது." (அடித்துவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மூட்டத்தோடுதான் வருகிறார்கள்.)

"கம்ப்ரஸர் பெடல் என்பது கிதாரிலிருந்து வரும் ஒலியின் ஏற்றத்தாழ்வை." (பாதியில் விட்டேன். பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள் போல இருந்தது.)

"ரேகா அந்தப் பெட்டியை ஒரு குழந்தையைப் போல ஏந்தி வந்தாள்." (பொய். பிளாஸ்டிக் பையில் கேரட்டோடு சேர்த்துக் கொண்டுவந்தாள். பெட்டியை எடுத்தபோது அதன்மேல் மண் ஒட்டியிருந்தது.)

கேரட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

2

ரேகா பெடலின் மேலிருந்த மண்ணைத் துப்பட்டாவால் துடைத்து மேஜையில் வைத்தாள்.

"அஃப்ரீன், இதே மாதிரி இன்னொண்ணு பண்ணித் தர முடியுமா, பாரு."

"இதுக்கு என்னக்கா ஆச்சு?"

"அப்பப்ப நின்னு போகுது. அடுத்த மாசம் கோயமுத்தூர்ல ரெக்கார்டிங். அங்க போயி நின்னுச்சுன்னா நான் அவ்ளோதான்."

ரேகாவுக்கு அரவங்காட்டுத் தொழிற்சாலையில் எழுத்தர் வேலை. விடுமுறை நாட்களில் கல்யாணங்களிலும் கோயில் விழாக்களிலும் கிதார் வாசிப்பாள். பிளக்ட்ரம் பிடிப்பதில்லை. வெறும் விரல்தான். கட்டைவிரல் தடிக் கம்பிகளைப் பார்த்துக்கொள்ளும், மற்ற விரல்கள் சன்னக் கம்பிகளில் பாட்டை எடுத்துப் போகும். கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே காலடியில் இந்தப் பெட்டி இருக்கும். ஓங்கி வரும் சத்தத்தை அமுக்கும், மெலிந்து வருவதைத் தூக்கிக் காட்டும். கம்ப்ரஸர் செய்வது அவ்வளவுதான்.

"கடையில புதுசு கிடைக்குமேக்கா."

"வாங்கிப் பாத்துட்டேன். எதுலயும் இந்தச் சத்தம் வரல. இது இல்லாம நான் மேடை ஏற மாட்டேன்."

அஃப்ரீன் அடிப்பக்கத் திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளே சின்னப் பலகையில் கையால் பற்றவைத்த வேலை. ஐசி சில்லின் மேல் அச்சிட்டிருந்த எண்ணை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். நடுவில், கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றிய ஒரு கட்டி, சுண்டுவிரல் நுனி அளவுக்கு.

"யாருக்கா செஞ்சது?"

"சக்திண்ணன். முன்னாடி எங்க குழுவுல சவுண்டு பாத்துட்டு இருந்தாரு. கிளென்மார்கன் பக்கம் பவர் ஹவுஸ்ல வேலை."

"ஒரு போன் போட்டுக் கேட்டா முடிஞ்சுதே."

ரேகா கேரட் பையின் காதை முடிச்சுப் போட்டாள். "பேசறதில்ல" என்றாள்.

3

ஏன் பேசுவதில்லை என்பதை இங்கே சொல்வதா, பிறகு சொல்வதா என்று யோசித்தேன். ஒளித்து வைத்து வித்தை காட்டுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. இங்கேயே சொல்லிவிடலாம்.

குன்னூரில் ஒரு கல்யாணக் கச்சேரி. ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் சக்தி சொன்னார்: "ரேகா, உங்க சன்னக் கம்பி ரெண்டும் கேக்கவே மாட்டேங்குதுங்க."

கேட்காததற்குக் காரணம் இருப்பதாக ரேகா நினைத்தாள். அதற்குச் சில மாதங்களுக்கு முன் காற்றில் அறைந்து சாத்திக்கொண்ட ஜீப் கதவில் அவளுடைய வலது மோதிரவிரல் மாட்டிக்கொண்டது. எலும்பு சேர்ந்துவிட்டது, பலம் திரும்பவில்லை. தெரிந்தால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்று குழுவில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. மறைத்து வைத்ததை மேடையில் விரித்துப் போட்டதுபோல அந்த வார்த்தை அவளைச் சுட்டது. அன்றோடு பேச்சு நின்றது. சில நாட்களில் டிரம்மர் கையில் இந்தப் பெட்டியைக் கொடுத்தனுப்பினார் சக்தி. ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை. ரேகா வைராக்கியமாக அதைத் திருப்பி அனுப்பத்தான் நினைத்தாள். அதற்கு முன் ஒரே ஒரு முறை மிதித்து வாசித்துப் பார்த்தாள். பிறகு திருப்பி அனுப்பவில்லை.

(பெட்டிதான் அவளுடைய ஊன்றுகோல் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். படித்துக்காட்டியபோது அஃப்ரீன் முகம் சுளித்தாள். எடுத்துவிட்டேன்.)

4

பலகையின் பின்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து அஃப்ரீன் இணைப்புகளை ஓர் அட்டைப்பெட்டியின் ஓரத்தில் வரைந்தாள். கறுப்புக் கட்டி வரைக்கும் வந்து படம் நின்றது. இரண்டு கம்பி உள்ளே போகிறது, இரண்டு கம்பி வெளியே வருகிறது. மீட்டர் வைத்தால் ஒருமுறை காட்டிய அளவை மறுமுறை காட்டவில்லை.

"பிரிச்சாத்தான்க்கா தெரியும்."

"பிரிச்சா பழையபடி சுத்த முடியுமா?"

"அதுவும் பிரிச்சாத்தான் தெரியும்."

இருப்பது இது ஒன்றுதான். ரேகா வெளியே போய் ஒரு டீ குடித்தாள். திரும்பி வந்து, "பிரி" என்றாள்.

டேப் சுருள் சுருளாக வந்தது. உள்ளே நேருக்கு நேராக இரண்டு பொருட்கள். ஒன்று சிவப்பு எல்ஈடி விளக்கு. மற்றது பாம்பு நெளிவதுபோலக் கோடு போட்ட சின்ன வில்லை. இதற்கிடையில் பேட்டரி இணைப்பை அசைத்ததில் பெடல் உயிர் பெற்றிருந்தது.

"எதையாவது வாசிங்க, பாக்கலாம்."

ரேகா கட்டைவிரலால் தடிக் கம்பியை ஒரே சீராகத் தட்டினாள். நன்றாக வந்த சத்தம் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கியது. யாரும் எதையும் தொடவில்லை. பிறகு தானாக ஏறியது. மீண்டும் இறங்கியது.

"லூஸ் காண்டாக்ட்டா?"

"அதுன்னா படக்குன்னு போகும். இது மெதுவா போகுது" என்றாள் அஃப்ரீன். ஒவ்வொரு இணைப்பாக அழுத்திப் பார்த்தாள். ஏறி இறங்குவது நிற்கவில்லை. அலுத்துப்போய் நிமிர்ந்தவள், மேஜைமேல் வெயில் விழுந்திருப்பதைப் பார்த்தாள். சத்தம் இறங்கியிருந்தது. தெருவில் மூட்டம் நகர்ந்து வந்து ஜன்னலை மூடியது. சத்தம் ஏறியது.

அவள் உள்ளங்கையைக் குவித்து வில்லையின் மேல் கவிழ்த்தாள். கிதார் கடை முழுக்க முழங்கியது. கையை எடுத்தாள். அடங்கியது. கவிழ்த்தாள், எடுத்தாள். இரண்டு பெண்களும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"தெருவிளக்கு தானா எரியும்ல, அதுல இருக்கற வில்லைதான்க்கா இது. வெளிச்சம் பட்டா சத்தத்தைக் கீழ தள்ளிடும். நீங்க ஓங்கி அடிச்சா விளக்கு எரியும். விளக்கு எரிஞ்சா வில்லை அமுக்கும். வெளி வெளிச்சம் குறுக்க வராம இருக்கத்தான் டேப்பு."

* இந்த இடத்தில் எழுத்தாளனுக்கு ஒரு சபலம் வரும். மனிதர்களும் இப்படித்தான், உள்ளே ஒரு வெளிச்சம், வெளியே ஒரு டேப், என்று. எழுதவில்லை. வெயில் வந்து கிதாரை அமுக்கியதே போதும்.

5

கதை இங்கே முடிந்திருக்க வேண்டியது. படம் முழுமையாகிவிட்டது, இன்னொன்று செய்துவிடலாம். ஆனால் ரேகா அந்த விளையாட்டை விடுவதாக இல்லை. வெயில் அடிக்கும்போதே எல்லாக் கம்பிகளையும் வாசித்தாள். தடிக் கம்பிகள் அடங்கின. சன்னக் கம்பிகள் அடங்கவில்லை.

"இது ரெண்டும் மட்டும் ஏன் குறையல?"

அஃப்ரீன் படத்துக்குத் திரும்பினாள். ஒரு சின்ன கெப்பாசிட்டர், முதலில் முக்கியமில்லை என்று நினைத்தது. சன்னமான ஒலியை மட்டும் பக்கவழியாக நேரே வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. அவள் பார்த்த வேறெந்தக் கம்ப்ரஸரிலும் அப்படி ஒன்று இல்லை. கைதவறி வைத்ததும் இல்லை. அந்த இடத்தில் மட்டும் ஈயம் திரும்பத் திரும்ப உருகி, பலகை கருகியிருந்தது. ஒன்றை வைத்து, கேட்டு, கழற்றி, வேறொன்றை வைத்து, கேட்டிருக்கிறார்கள்.

"கட்டைவெரல அமுக்குது. சன்னக் கம்பியில ஓடற மோதிரவெரல அப்படியே விடுது" என்றாள் அஃப்ரீன். "உங்க கைய யாரோ ரொம்ப உன்னிப்பாக் கேட்டிருக்காங்கக்கா."

ரேகா தன் விரலைப் பார்த்தாள். "நான் யார்கிட்டயும் சொல்லலியே" என்றாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. திட்டியதாக நினைத்து இத்தனை காலம் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டாள். அங்கேயே, அப்போதே, கைபேசியை எடுத்தாள்.

6

சக்தியை நான் பார்த்ததில்லை. முதல் வரைவில் அவருக்கு நரைத்த மீசையும் சுருக்கென்ற கோபமும் கொடுத்திருந்தேன். எந்த உரிமையில் என்று தெரியவில்லை. இப்போது அவர் வெறும் குரல்தான், ஸ்பீக்கரில் போட்ட குரல்.

ரேகா கைபேசியை ஆம்ப்ளிஃபயர் அருகே வைத்துவிட்டு வாசித்தாள். டேப் பிரித்தபடியே இருந்தது. வெளியே மூட்டம் வந்து போய்க்கொண்டிருந்தது. வாசித்து நிறுத்தியதும் சக்தி கேட்டார்:

"டேப்பைப் பிரிச்சுட்டீங்களா?"

"எப்படிங்ண்ணா தெரிஞ்சுது?"

"ஏனுங்க, என்ன சொன்னீங்க?"

"எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டனுங்ண்ணா."

"அங்க வெயில் வந்து வந்து போகுதுங்களா? தடிக் கம்பி ஏறி ஏறி எறங்குது." பிறகு, "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க ரேகா. டர்பைன் பக்கத்துலயே இருந்து இருந்து காது போயிருச்சு. சன்னமான சத்தமெல்லாம் அப்பவே கேக்காது."

ரேகா உரக்கப் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள். வைத்த பிறகு அழுதாள், சிரித்தாள், கேரட்டை மறந்துவிட்டுப் போனாள்.

அஃப்ரீன் போகவில்லை, மேஜையிலேயே உட்கார்ந்திருந்தாள். 'அப்பவே கேக்காது.' எப்போதிலிருந்து? குன்னூர் ஒத்திகையிலா? அப்படியானால் அந்தப் பக்கவழி ரேகாவின் விரலுக்குத்தானா, இல்லை சக்தியின் காதுக்கா? அவள் படத்தை மறுபடி தொடக்கத்திலிருந்து பார்த்தாள். ஒவ்வொரு கோடும் இரண்டுக்கும் பொருந்தியது. எது எங்கே போகிறது என்று சர்க்யூட் சொல்லும். எதற்காக என்று அதற்குத் தெரியாது.

7

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் சக்தி, "உங்க விரலுக்காகத்தாங்க" என்கிறார். (வேண்டாம். நல்லவராக்கிவிடுவது சுலபம்.) இன்னொன்றில், "எனக்குக் கேக்கணும்னுதாங்க" என்கிறார். (இது இன்னும் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டேன்.)

நடந்தது இது. அஃப்ரீன் விலகியிருந்த பேட்டரி இணைப்பைப் பற்றவைத்து, டேப்பைச் சுற்றி, பெடலைக் கொடுக்கும்போது தன் சந்தேகத்தையும் ரேகாவிடம் சொன்னாள். ரேகா ஞாயிற்றுக்கிழமை கிதாரோடு பஸ் ஏறினாள்.

திரும்பி வந்தவளிடம் அஃப்ரீன் கேட்ட முதல் கேள்வி: "கேட்டீங்களா?"

"கேக்கல. வாசிச்சேன்."

பவர் ஹவுஸ் குவார்ட்டர்ஸில் சக்தி ஜன்னல் பக்கம் திரும்பி, தேயிலையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். ரேகா அவருக்குப் பின்னால் நின்று ஒரே பாட்டை இரண்டு முறை வாசித்தாள். ஒருமுறை பெடலோடு, ஒருமுறை அது இல்லாமல். அவளுடைய காலை அவர் பார்க்கவில்லை. எது நன்றாக இருந்தது என்று உரக்கக் கேட்டாள்.

"ரெண்டாவதுங்க" என்றார் சக்தி. "அதுல எனக்கு எல்லாமே கேட்டுச்சு."

அதைக் கேட்டதும் ரேகா அவருக்கு எதிரே போய் உட்கார்ந்து விரலை நீட்டி, ஜீப் கதவைப் பற்றிச் சொன்னாளாம். அவர் காதைப் பற்றிச் சொன்னாராம். பெட்டியைப் பற்றி இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

இரண்டாவது எது என்று ரேகா அஃப்ரீனிடம் சொல்லியிருக்கிறாள். அஃப்ரீன் என்னிடம் சொன்னாள். நானும் எழுதினேன். எழுதிவிட்டு, கடைசி வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டேன். நம் மொழியில் இருந்ததா இல்லையா என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் தெரியும். இதுவரை கேட்டுக்கொண்டு வந்த நீங்களே அதைப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது முறை வாசித்தபோது ரேகாவின் கால் அந்தப் பெடலின் மேல்